மாதிரிக் கையொப்பம்

மல்லாவிச் சந்தியில், மருந்துக்கடைக்கு மேலே
லீசிங் கொம்பனி.
கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று
அம்மா என்னைப் பார்த்தாள்.
போன வருடமென்றால் நான் அவளைப் பார்த்திருப்பேன்.

இழுத்தேன்.
உள்ளே குளிர்.
வெள்ளைத் தரையில் எங்கள் செம்மண் தடங்கள்
வாசலிலிருந்து கதிரைவரை,
எது யாருடையது என்று சொல்ல ஏலாது,
ஒரே அளவு.

கிணற்றை இன்னும் ஆறடி இறக்க
மூன்றரை இலட்சம்.
பிணைக்கு ஒரு ஆள்,
பதினெட்டு முடிந்திருந்தால் போதும் என்றது படிவம்.
எனக்கு முடிந்து நாற்பத்தொரு நாள்.

நாற்பத்தொரு நாளும் எதையோ பார்த்திருந்தேன்.
காலையில் எழும்பும்போது தெரிந்துவிடும் என்று.
ஒன்றுமில்லை.
தம்பி அதே தலையணையால் அடித்தான்.
சோதனை மண்டபத்தில் செருப்பில்லாமல் நிற்கிற
அதே கனவு.

கையெழுத்து மட்டும் தயாராக இருந்தது.
பொருளியல் கொப்பியின் கடைசித் தாள்களில்
கிறிஸ்ரிகாவும் நானும் இரண்டு வருடம் வளர்த்தது:
முதலெழுத்து பெரிதாக,
நடுவில் எவருக்கும் விளங்காத ஒரு அலை,
முடிவில் ஒரு கோடு, பிளேன் எழும்புகிற மாதிரி.
"இதைப் போட்டா ஆரும் உன்னை வா, போ எண்டு கதைக்கமாட்டினம்."
அவள் இப்போது கிளிநொச்சியில், ஆடைத் தொழிற்சாலையில்.
வாசலில் பெருவிரலை வைத்தால் போதுமாம்,
பேனையே தேவையில்லையாம்.

நூலில் கட்டிய பேனை.
ரை கட்டிய பெடியன் நாலு இடத்தில் புள்ளடி போட்டுத் தந்தான்.
பிளேன் நாலு முறை எழும்பியது.

அவன் அடையாள அட்டையைப் பார்த்தான்.
தாளைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
"தங்கச்சி, இது சரிவராது.
ஐசிக் காட்டில இருக்கிற மாதிரியே வைக்கோணும்."

அவன் சொன்னது அட்டை.
எனக்குக் கேட்டது காடு.
மூன்று வருடமாய் உள்ளே நிற்கிறவளைக்
கூட்டிவரச் சொல்கிறான்.

பதினைந்து வயது அவளுக்கு.
அதிபரின் மேசையில்
அ. டிலோஜினி என்று
எழுத்தெழுத்தாக உறுப்பாய் எழுதியவள்.
லோவின் கொம்பு, யானை தும்பிக்கையை மடக்கியதுபோல.
ஜியின் சுழி, மழைக்குப் பிடித்த குடை.
கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி,
தாள் மறுபக்கம் புடைக்க.

புதுப் படிவம் தந்தான்.
கை விறுவிறென்று போகப் பார்த்தது.
அவள் மெதுவாகத்தான் வருவாள்.
பேனையை நுனியில் இறுக்கினேன், குனிந்தேன்,
நாக்குத் தானாகப் பல்லிடுக்கில் வந்து நின்றது.

அவளுக்கு வட்டி வீதம் தெரியாது.
தவணை தவறினால் யார் வருவார்கள் என்று தெரியாது.
இல்லை, அது தெரியும்.
புஸ்பமலரக்காவின் படலையில்
பொழுதுபட்டும் போகாமல் நின்ற மோட்டார் சைக்கிள்களை
வேலிக்குள்ளால் பார்த்தவளே அவள்தான்.
வீட்டில் வந்து சொல்லவில்லை.
அன்றைக்குச் சாப்பிடவுமில்லை.

தும்பிக்கை. குடை.
முற்றுப்புள்ளி.
"ஓம், இது சரி."

பிறகு அம்மா வைத்தாள்.
அவளும் பெயரை முழுதாகத்தான் எழுதுகிறாள்.
அவளுக்கும் கடைசியில் ஒரு புள்ளி.
எத்தனை தேர்ச்சி அறிக்கையில் பார்த்திருப்பேன்,
புள்ளிகளைத்தான் பார்த்தேன், புள்ளியை அல்ல.

பஸ்சடியில் ஒரு சுண்டு பாலைப்பழம் வாங்கினோம்.
இரண்டு பேருக்கும் உதடு ஒட்டியது.
பாண்டியன்குளம் வரும்வரை பேச்சில்லை.
"முதல் என்னவோ போட்டாய், பாம்பே அது?"
"பிளேன்."
"எனக்குப் பாம்பு மாதிரித்தான் கிடந்தது."

என் பையைத் திறந்து
தவணை அட்டையை எடுத்தாள்.
நாற்பத்தெட்டுக் கட்டங்கள், எல்லாம் வெறுமை.
விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு
ஒருமுறை தடவிப் பார்த்தாள்.
பிறகு அதைத் தன் பைக்குள் வைக்கவில்லை.
என் பைக்குள்ளேயே திருப்பி வைத்து
சிப்பை இழுத்து மூடினாள்.